காற்றுச் சக்கரம் குறித்துக் கழிமண்டலத்துக்குச் சென்ற ஓலை

மழை பருவம் தவறாது பொழிக. கடல் சென்ற கலங்கள் கரை சேர்க. மாடவரை நகரில் வீற்றிருந்து தண்கோட்டு நாடு முழுதும் ஆண்டருளும் அரசி அவனிநங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் சேந்தன் எழுதும் திருமுகம். கீழைக்கடலோரத்துக் கழிமண்டலத்தைக் காத்து நிற்கும் அதிகாரி வேளான் குன்றனார் காண்க. உம் மண்டலத்து உப்புக்கழிகளும் அலையாத்திக் காடுகளும் தீவுகளும், அவற்றை நம்பி வாழும் மக்களும் நலமுடன் விளங்குக.

நீர் காவலுடன் அனுப்பிய சங்கத்திட்டுத் தீவின் ஊர்த்தலைவி கொற்றி நேற்று அரசவையில் நிறுத்தப்பட்டாள். தீவுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க நீர் அன்போடு நட்டுக்கொடுத்த ஏற்றத்தைப் பிடுங்கிப் போட்டாள் என்றும், மேலைக்கடல் நாட்டிலிருந்து வந்த, காற்றால் சுழன்று தண்ணீர் இறைக்கும் காற்றுச் சக்கரத்தை அவ்விடத்தில் மறுபடி நிறுத்தினாள் என்றும் எழுதியிருந்தீர். இந்நாட்டில் பிறவாத கருவி இந்நாட்டில் இயங்கலாகாது என்பதும், இயக்குவோர் நாடு கடத்தப்பட வேண்டும் என்பதும், கருவி எரிக்கப்பட வேண்டும் என்பதும் அரசியாரின் தந்தை, மறைந்த பேரரசர் நெடுங்கோ அரையர் கல்லில் பொறித்த ஆணை. ஆணைப்படியே நடந்தீர், அதில் அரசியார் குறை காணவில்லை.

குறை காணும் மனநிலையிலும் அவர் அப்போது இல்லை. மேலைக்கடல் நாட்டாரோடு நடந்த போரில்தான் தந்தையை இழந்தார். அந்த நாட்டின் பெயரைக் கேட்டாலே அவர் முகம் இறுகும் என்பதை அவையில் அறியாதவர் இல்லை. மேலும், ஏற்றம் ஏறி இறங்கும் ஓசையைக் கேட்டே வளர்ந்தவர் அவர். அதைப் பிடுங்கியவள் என்றதும், இறங்கிவந்து அவளை நேருக்கு நேர் பார்த்தார். ஏற்றம் உன்னை என்ன செய்தது என்று வினவினார்.

விசாரணையில் வாயிலிருந்து வந்த சொல்லை வந்தபடியே எழுதுவது நம் அவையின் வழக்கம் ஆதலால், கொற்றி சொன்னது மாற்றமின்றிக் கீழே வருகிறது.

"ஏத்தத்த நான் பழிக்கல தாயே. உங்க மலையடியில அது ராசா. எங்க திட்டுல வந்து கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்குது, அவ்வளவுதான். எங்க மண்ணுக்கடியில நல்ல தண்ணி உப்புத் தண்ணிமேல மெதக்குது, பால்மேல ஆடை படிஞ்ச மாதிரி. மெல்ல மெல்ல எடுத்தா ஆடை கெடைக்கும். ஏத்தத்துல கட்டுன சால் வாளிய ஆழத்துல உட்டு மடமடன்னு எறைச்சாங்க. அடியில கெடந்த உப்பு மேல ஏறிடுச்சு. பிள்ளைங்க குடிச்சிட்டு வாந்தியெடுத்துச்சு. அப்புறமும் அத நட்டுவச்சு அழகு பாக்கச் சொல்றீங்களா?"

அமைச்சர் பூதங்கண்ணனார் இரக்கமுள்ளவர். அவளைக் காப்பாற்ற வழி தேடியவராய், ஏற்றம் வேண்டாமென்றால் உங்கள் தீவிலேயே பிறந்த முறை எதுவோ அதற்குத் திரும்பலாமே, அதை எந்த ஆணையும் தடுக்கவில்லையே என்றார்.

"எங்க முறையா? ஊத்துக்குழிக்குள்ள குனிஞ்சு செரட்டையால மொள்ளுறதுதான் ஐயா எங்க முறை. எங்க ஆத்தா மொண்டா, அவ ஆத்தா மொண்டா, ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் முதுகு நிமிரல. காத்து செத்துப்போற மாசத்துல சக்கரம் சுத்தாது, அப்ப நாங்களும் இன்னைக்கும் குனியத்தான் செய்றோம். வருசம் பூரா குனியணும்னா, ஐயா முதல்ல வந்து குனிஞ்சு காட்டுங்க. தலப்பாக குழிக்குள்ள விழாமப் பாத்துக்கங்க."

அவையில் சிரிப்பெழுந்தது. அமைச்சரும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அவள் அருகே சென்று, இன்னொரு வழி சொன்னார். அது தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டாலும் எழுத்தாணிக்குக் கேட்டது. "இதோ பார் கொற்றி, அந்தச் சக்கரம் உன் பாட்டன் காலத்திலேயே உங்கள் தீவில் இருந்தது என்று ஒரு சொல் சொல்லிவிடு. இந்நாட்டில் பிறந்த கருவி என்று எழுதிக்கொள்கிறோம். நாளைக்கே நீ வீட்டுக்குப் போகலாம்."

அவள் வீட்டை நினைத்தாள் போலும். கண் கலங்கியதை அரசியார் கண்டார். பிறகு சொன்னாள்:

"அது பெலகன்னு ஒரு மேலக்கடல் நாட்டான் கொண்டாந்தது ஐயா. கப்பல் ஒடஞ்சு எங்க கரையில ஒதுங்குனவன். அவங்க ஊர்ல அதுக்குத் துணியில பாயி, இரும்புல அச்சாம். எங்களுக்கு இரும்புக்கு எங்க போறது? கோரைப்பாய் கட்டுனோம், புன்னக்கட்டையில அச்சு செஞ்சோம். அவன் பெருசா வேணும்பான், நாங்க சின்னதா போதும்போம். சண்டை போட்டுச் சண்டை போட்டே செஞ்சு முடிச்சோம். பாதி அவன் புத்தி, பாதி எங்க புத்தி. இப்ப அவன் எங்க மண்ணுக்குள்ளதான் படுத்திருக்கான். அவன் இல்லவே இல்லன்னு சொல்லிட்டு நான் ஊருக்குப் போனா, அவன் குழிய மிதிச்சுக்கிட்டுல்ல போகணும்? நாடு கடத்துறதுன்னா கடத்திருங்க."

தம் தந்தையைக் கொன்ற நாட்டில் பிறந்த ஒருவனுக்காக, தம் குடிமக்களில் ஒருத்தி தன் ஊரையே விட்டுக்கொடுக்கத் துணிந்து நிற்பதை அரசியார் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததைப் பொய் என்று தள்ளவும் அவரால் இயலவில்லை.

மனம் உருகிய அமைச்சர், இத்தனை நல்ல சக்கரமாயின் ஆணையைத் திருத்தி, நாடெங்கும் ஊருக்கு ஒன்றாய் நிறுத்தலாமே, மாடவரையிலேயே தொடங்கலாமே என்று உரக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கொற்றிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்யய்யோ வேணாம் சாமி! இங்க காத்து எங்க இருக்கு? வந்ததுலேருந்து எனக்கு மூச்சே முட்டுது. பாயி வவ்வால் மாதிரி தொங்கும். அப்புறம் ஏத்தத்தையும் பிடுங்கிட்டு இந்த ஊருக்காரங்க என்னையத்தான் வைவாங்க."

அச்சிரிப்பில்தான் அரசியாருக்கு வழி புலப்பட்டது. ஏற்றம் நம் மண்ணில் பிறந்தது; ஆயினும் நம் மண்ணிலேயே ஒரு மூலையில் அது பொருந்தவில்லை. சக்கரம் அயல்மண்ணில் பிறந்தது; அந்த மூலையில் பொருந்திவிட்டது. பொருந்தியதைக் கண்டு மகிழ்ந்த அமைச்சரோ, அதைப் பொருந்தாத இடமெல்லாம் நடப் புறப்பட்டார். எங்கே பிறந்தது என்று மட்டும் கேட்டவர் தவறினார். நல்லதா என்று மட்டும் கேட்டவரும் தவறினார். யாருக்கு, எந்த நீருக்கு, எந்தக் கைகளுக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசியார் தாமும் கேட்கவில்லை என்பதை அவையறியச் சொன்னார்.

மறைந்த மன்னரின் கல்லை அழிக்கும் உரிமை இந்நாட்டில் மகளுக்கும் இல்லை. அதன் கீழே எழுதும் உரிமை உண்டு. ஆகவே தந்தையாரின் சொல்லுக்குக் கீழே இவ்வரிகள் பொறிக்கப்படுகின்றன: "ஒரு கருவி பிறந்த இடம் எதுவாயினும் மறைக்காது சொல்லப்படுக. அது இருக்கலாமா என்பதை, அதனோடு வாழ்வோர் சொல்லக் கேட்டு முடிவு செய்க."

இனி உமக்கு இடும் ஆணை. கொற்றி குற்றமற்றவள். இவ்வோலையுடன் வருபவளை உம் சொந்தப் படகில் ஏற்றி, நீரே உடன் சென்று, சங்கத்திட்டில் இறக்கிவிடுக. சக்கரத்தின்மேல் ஒரு தீப்பொறியும் படலாகாது. கெட்டுப்போன கிணற்றின் ஆழ்ந்த அடியை மட்டும் தூர்த்து, அதன் நீர் தெளியும்வரை தீவாருக்குக் குடிநீர் உம் பொறுப்பு. பிடுங்கிய ஏற்ற மரங்களை மலையடியூர்களுக்கு அனுப்புக. அங்கே அவற்றுக்கு வேலை உண்டு.

சக்கரத்தைக் காக்கிறோம் என்று அதற்கு வேலி கட்டாதீர், காவல் போடாதீர், அரசியின் பெயரையும் இடாதீர். அத்தீவார் நாளை இதனினும் ஏற்றது ஒன்றைத் தாமே கண்டு இச்சக்கரத்தை இறக்கி விறகாக்கினால், தடுக்காதீர். விறகு நன்றாக எரிகிறதா என்று மட்டும் கேட்டு எமக்கு எழுதுக.

அரசியார் தம் கைப்பட வைத்த மீன்கொத்தி இலச்சினை இதன் அடியில் காண்க. எழுந்து நின்று படிக்க. படித்து முடித்ததும் படகேறுக.