வலது கை

என் பிடிவாதக்காரருக்கு,

ஷூவுக்குள் இதை வைத்திருக்கிறேன். டிரஸ்ஸிங் ரூமில் அதை மாட்டும்போதாவது நான் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேற்று உங்கள் பந்துவீச்சை எல்லோரும் புகழ்ந்தார்கள். வேகம் கொஞ்சமும் குறையவில்லையாம். நான் பார்த்தது, நீங்கள் பந்து வீசாத நேரத்தை. எல்லைக்கோட்டில் பந்தைப் பிடித்தால் ஓங்கி எறியாமல், கையைத் தாழ்த்தி உருட்டிவிட்டீர்கள். டிவியில் பேசுகிறவர் அதை ஸ்டைல் என்றார். எதிரணிக்காரர்கள் ஏமாறவில்லை. பந்து உங்கள் பக்கம் போனாலே, ஒரு ரன் எடுக்க வேண்டிய இடத்தில் தைரியமாக இரண்டு ஓடினார்கள்.

ஹோட்டல் ரூமுக்கு வந்ததும் கேட்டேன். "ஒண்ணுமில்ல, தோள்ல லேசான பிடிப்பு" என்றீர்கள்.

"அதுக்குத்தான் நான் சட்டையைக் கழட்டிவிட வேண்டியிருந்துச்சா?"

பதிலுக்கு டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். இடது கையால்.

இன்று கடைசி நாள், கோப்பை உங்கள் கையில்தான் என்று ஊரே சொல்கிறது. நீங்களும் நேற்று போலவே பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு பந்து வீசிவிடுவீர்கள். நான் டாக்டரிடமோ கேப்டனிடமோ போய் வத்தி வைக்கப்போவதில்லை. பாப்பாவோடு வெளியே படிக்கட்டில் நிற்கிறேன். நீங்கள் களமிறங்கும் முன் எப்போதும் போல "அப்பா, தூக்கு!" என்பாள். எல்லார் முன்னாலும், எப்போதும் போல, வலது கையால் மட்டும் அவளைத் தலைக்கு மேலே தூக்குங்கள். தூக்கிவிட்டால் நான் வாயே திறக்க மாட்டேன்.

என்னிடம் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வீர்கள். அவளைக் கீழே போட மாட்டீர்கள். அதை நம்பித்தான் கூட்டி வந்திருக்கிறேன்.

படிக்கட்டில் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி