வேனி

பதுவா, இத்தாலி
4-2-2025

பிரியமுள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதியோர் இல்ல நர்சு வேலைக்காக நான் இத்தாலியன் படித்தபோது நீங்களும் கூட உட்கார்ந்து படித்தீர்கள். நான் விமானம் ஏறியதும், அந்த அரைகுறை இத்தாலியனோடு பழைய லத்தீனையும் கலக்கி "மரேனா" என்று ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டீர்கள். ரோமாபுரிக் கப்பல்காரர்கள் குமரிக் கரையில் குடியேறியிருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார்களாம்! அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, இலக்கண விதி, சொற்பட்டியல் என்று வாட்சப்பில் அனுப்பினீர்கள். நானும் சிரித்துக்கொண்டே படித்தேன்.

போன ஞாயிறு போனில் திடீரென்று "வேனி" என்றீர்களே, அது என்ன அத்தான்? உங்கள் பட்டியலில் வேனி என்றால் "வா". மூன்று வருடமாக நான் உங்களை இங்கே கூப்பிடுகிறேன், அசையவில்லை. இப்போது நான் வேலையை விட்டுவிட்டு ஓடி வரவேண்டுமோ? அதனால்தான் "முடியாது" என்று போனை வைத்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஸ்மைலின்


நாகர்கோவில்
21-2-2025

என் ஸ்மைலினுக்கு,

ஏட்டி, நீ விதியை முழுசாப் படிச்சியா? மரேனாவில் கடைசி "ம்" எழுத்தில் நிற்கும், வாயில் வராது. லத்தீன்காரர்களே அதை விழுங்கித்தான் பேசினார்கள். "வேனி" என்றால் வா. "வேனிம்" என்றால் வரட்டுமா. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் சொன்னது "ம்" போட்ட வேனிம்.

தமிழில் கேட்க வெட்கமாயிருந்தது. பொஞ்சாதி சம்பாத்தியத்தில் தின்னப் போகிறான் என்று ஊர் சொல்லுமே என்று வீம்பு பிடித்தவன் நான். உனக்குப் போன் பண்ணினதற்கு முந்தின நாள்தான் அச்சகத்து முதலாளி பொன்னுலிங்கம் அண்ணனிடம், "அண்ணே, வேலைய விடுதேன், அவகிட்ட போறேன்" என்று சொல்லியிருந்தேன். நீ முடியாது என்றாய். மறுநாள் திங்களன்று போய், "இல்லண்ணே, இங்கயே கெடக்கேன்" என்றேன். அவர் ஒரு கல்யாண அட்டையைப் பிழை பார்க்கத் தந்தார். அதில் மூன்று பிழையை விட்டுவிட்டேன்.

உன்மேல் வருத்தம் இல்லை. நான் கேட்டேன், நீ பதில் சொன்னாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஜினோ


பதுவா
6-3-2025

அத்தான்,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். போன் பண்ணலாம்தான். எழுத்தில் இருந்தால்தானே நீங்கள் நம்புவீர்கள்.

அடப்பாவி மனுசா! "வா" என்று அதட்டுவது காதுக்குக் கேட்கும், "வரட்டுமா" என்று கேட்பது மட்டும் ஊமையா? இந்த விதியை மொழிக்கா எழுதினீர்கள்? கல்யாணமான நாளிலிருந்து எதையாவது வாய்விட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

இங்கே ஒரு கிழவனார், யார் கூப்பிட்டாலும் குளிக்க எழுந்திருக்க மாட்டார். இன்று அவரிடம் "வேனி" என்று சொல்லிப் பார்த்தேன். இவர்கள் பேச்சிலும் ஏறக்குறைய அதுதானே, என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். உங்கள் மொழி ஒரு ஆளுக்காவது புரிந்துவிட்டது, சந்தோஷப்படுங்கள்.

நான் முடியாது என்றது, நான் அங்கே வருவதற்கு. நீங்கள் இங்கே வருவதற்கு என்றைக்காவது அப்படிச் சொல்வேனா? ஊர் சொல்வதைச் சொல்லட்டும். ஊரா என்னைப்போல் இந்தக் குளிரில் ஒற்றைக்கு இருக்கிறது? எனக்கு நீங்கள் வேண்டும் அத்தான்.

குடும்ப விசாவுக்கு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் நகல் அனுப்புங்கள். பொன்னுலிங்கம் அண்ணனிடம் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள், பொஞ்சாதி கூப்பிட்டாள் என்று. சத்தமாகச் சொல்லுங்கள்.

உங்கள் ஸ்மைலின்