நகப்பூச்சில் போட்ட கோடு

என் அன்பு மகளுக்கு, உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், சித்தியின் முட்டி மட்டும் மாடிப்படியோடு சண்டையில் இருக்கிறது. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நலமாக இருக்க வேண்டும். நீ எழுதியிருப்பதெல்லாம் நான் எப்போதோ சொன்னதுதான். காற்றில் கரியமில வாயு கூடும், கூடினால் பூமி சூடேறும், பெரிய படிப்புக்காரர்களெல்லாம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எதுவரைக்கும் போகலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள், அந்த மேசையில் நம் வீட்டுப் பெண்ணும் இருப்பாள் என்று நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே சொன்னேனா இல்லையா? சித்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அன்னைக்கு இவர் மழை வரும்னுதான் சொன்னாரு, அதுவும் வரல என்கிறாள். அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் மட்டு.

பத்து லட்சம் பங்கு காற்றில் முந்நூற்றைம்பது பங்குக்கு மேல் அந்த வாயு இருக்கக் கூடாது என்று நீயும் உன் சிநேகிதியும் சொல்கிறீர்கள், இப்போதே நானூற்றிருபதைத் தாண்டிவிட்டது, அதனால் நடக்கிற காரியமா பேசும்மா, அறிக்கையில நானூற்றைம்பதுன்னு போட்டுக் கையெழுத்த வை என்கிறார் உன் மேலதிகாரி, வைப்பதா வேண்டாமா என்று உனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இதுதானே விஷயம்? கடைசியில் நீ எழுதியிருந்த வரியைத்தான் நான் நாலு தடவை படித்தேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் கோட்டுக் கதையைச் சொல்லப் போகிறாயாம். கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டேன். லாரி டிரைவர், அண்ணே, இனிமே உங்களப் பாக்க டோக்கன் வாங்கணுமா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். எங்கள் பழக் கிடங்கில் காய்களைப் பூட்டிய அறையில் பழுக்க வைப்போம், பழுக்கிற காயும் நம்மைப் போல மூச்சு விடும், அடிக்கடி கதவைத் திறக்காவிட்டால் அந்த வாயு உள்ளேயே தேங்கும். சுவரில் இருக்கிற மீட்டரில் முள் ஏறும். ஆபத்து வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்து, சித்தியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துப் போய், கண்ணாடி மேல் அரை சதவீதம் என்ற இடத்தில் கோடு போட்டேன். அதற்கப்புறம் ஒருத்தர் தலையும் சுற்றியதில்லை. இதைச் சொல்லித்தான் உனக்கு எத்தனை நாள் சோறு ஊட்டியிருக்கிறேன். போன தடவை வந்தபோது நீ, அது மூச்சு முட்டுற விஷயம் சித்தப்பா, வெளிக்காத்துல இருக்கிற அளவுக்கு யாருக்கும் மூச்சு முட்டாது, அது சூடு ஏறுற விஷயம் என்றாய். சரி, வேறு வேறுதான். ஆனால் கோடு போடுகிறவனுக்கு வருகிற தடுமாற்றம் ஒன்றேதான் என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம் இரண்டு நாளாக மேசையிலேயே கிடந்தது.

எங்கள் கிடங்குத் தராசுக்காரரை உனக்கு நினைவிருக்கும், உன்னைத் தராசுத் தட்டில் உட்கார வைத்து, அரை மூட்டைதான் இருக்கே என்று கேலி செய்வாரே, அவர். கோடு போடுவதற்கு முன்னால் ஒரு சமயம் இரண்டு நாள் கதவைத் திறக்காமலே விட்டிருந்தோம். உள்ளே போய் வந்தவர், தலை கனக்குதுப்பா என்றார். முள் மூன்றில் இருந்தது. நேத்து ராத்திரி சரியாத் தூங்கியிருக்க மாட்டீங்க என்றேன். கதவைச் சாத்திவிட்டோம். மறுநாள் முள் ஏழுக்கு வந்திருந்தது, அவர் உள்ளே போனார், விழுந்துவிட்டார். இழுத்து வெளியே போட்டோம், பிழைத்தார். அடுத்த நாள்தான் நான் நகப்பூச்சோடு போய் ஏழில் கோடு போடக் கையைத் தூக்கினேன். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி பின்னால் நின்று, ஏங்க, மனுஷன் விழுந்த இடத்துலயா கோடு போடுவாங்க, தலை கனக்கிறதுக்கு முன்னாடி போடுங்க என்றார். கோடு அரைக்கு இறங்கியது அந்த அம்மாவால்தான். முதலாளி, இப்படிப் போட்டா கதவத் திறந்தேதான் வெச்சிருக்கணும் என்று கத்தினார். திறந்தோம், ஒரு மின்விசிறியும் மாட்டினோம். ஏழிலிருந்த முள் மெல்ல மெல்லத்தான் கோட்டுக்குக் கீழே வந்தது.

உன் முந்நூற்றைம்பதும் தாண்டின பிறகு போடுகிற கோடுதானே? அதற்காக, முள் நிற்கிற இடத்துக்கும் மேலே, நானூற்றைம்பதில் போய்க் கோடு போடாதே கண்ணு. கூட்டத்தில் சொல்வதானால் இதைச் சொல், தராசுக்காரர் மனைவி சொன்னதைச் சொல். நல்ல புத்தியும் திடமான கையும் உனக்கு எப்போதும் இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, சித்திக்குத் தனியாக நாலு வரி எழுது. எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று இத்தனை வருஷம் சொன்னது பொய். நகப்பூச்சு மட்டும் நிஜம், சித்தி இன்னும் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா