ஏழாம் குழியின் மஞ்சள் ஓரம்

மார்ச் 4
இன்று பூமிக்கே ஊசி போட்டேன். அதாவது, கோல்ஃப் மைதானத்தின் புல்தரைகளுக்கு. மிதிபட்டு இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றுப் போகாது. என் இயந்திரம் விரல் தடிமனுக்கு மண்ணைப் பிடுங்கி எறியும். அந்தத் துளைகளில் மணல் தள்ளுவோம். அடியேன் மட்டும் இல்லையென்றால் இந்தக் கண்டமே மூச்சுமுட்டிச் செத்திருக்கும்.

ஏழாம் குழியில் மட்டும் வழக்கம்போல் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். மச்சான், என் தங்கை புருஷன், இதே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டே சரிந்து விழுந்து உயிரை விட்ட இடம். அவர் முதுகு பட்ட மண்ணில் ஊசி இறக்கவா? போன வருஷமும் இறக்கவில்லை.

மார்ச் 5
அந்த ஓரம் மஞ்சளாகிவிட்டது. ஓர் ஆள் படுத்திருக்கும் நீளத்துக்கு.

மார்ச் 9
மேனேஜர் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு வேறு புல் பதிக்கப் போகிறாராம். பூச்சி என்றேன். யானை சைஸ் பூச்சி என்றேன். சிரிக்கவில்லை.

வெட்டி எறிஞ்சா மச்சான் எங்க போவாரு? — எனக்கென்ன கிறுக்கா? ஆனா அந்தப் பக்கம் போனாலே இயந்திரம் இருமுது. அச்சு அசல் அவர் இருமல்.

மார்ச் 11
தங்கை மகள் இங்கேதான் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறாள். அப்பனின் வாய் அப்படியே. மஞ்சள் புல்லில் வண்டிச் சாவியைக் குத்திப் பார்த்தாள். இறங்கவில்லை.

"கல்லாட்டம் கெடக்கு. அப்பா விழுந்ததுக்குப் புல்லு என்ன மாமா பண்ணுச்சு? நீங்க ஓட்டலன்னா நான் ஓட்டுறேன்."

அந்தக் கைப்பிடியில் அவள் கை பட விடுவேனா? நானே ஓட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு. பொய். ஒரு கண்ணை. மண் துண்டுகள் சிதறின. எதுவும் அலறவில்லை. அவள் பின்னாலேயே துடைப்பத்தால் மணல் தள்ளினாள்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே என்றேன்.

"அம்மாதான் அனுப்பிச்சாங்க."

மார்ச் 12
மேனேஜரின் காலைத் தவிர எல்லாவற்றையும் பிடித்தேன். மாதக் கடைசிவரை பொறுக்கிறாராம்.

ஏப்ரல் 2
ஏழாம் குழி கிளிப்பச்சை. மேனேஜர் கைகொடுத்தார், சக்கரவர்த்தியாக ஏற்றுக்கொண்டேன்.

சாயங்காலம் மச்சானிடம் பீற்றிக்கொள்ள இயந்திரத்தையும் தள்ளிக்கொண்டு போனேன். அது இருமவே இல்லை. கொடிக்கம்பத்திலிருந்து பார்த்தேன், மணல் பள்ளத்துப் பக்கமிருந்து பார்த்தேன். எல்லாம் ஒரே பச்சை.

எங்கே கால் வைக்கக் கூடாது என்று தெரியவில்லை. புல்லுக்கு வெளியிலேயே நின்றுவிட்டு வந்தேன்.