சௌதாமினிக்கு மூன்று பிரேஸ்

4 நவம்பர் 2024, திங்கள், காலை 9.40. பாறசாலை கிளினிக் பெஞ்சில் பதினொரு பேர். கை கால்களைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் செய்து கொடுப்பது என் வேலை.

முதல் ஆள் ராஜன். முழங்கால் முட்டுத் தேய்மானம். நான் கொடுத்த முட்டு பிரேஸை நல்ல காலில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் என்றேன்.

"கெட்டது கெட்டாச்சு சாறே. நல்லதையாவது பாக்கண்டாமா?"

வாதிட நேரமில்லை. மாற்றி மாட்டி அனுப்பினேன்.

நான்காவது சௌதாமினி. நாற்பத்தெட்டு வயது, அம்பூரியில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். முட்டுக்குக் கீழே நரம்பு நசுங்கியதில் வலது பாதத்தைத் தூக்க முடியாது. நடந்தால் விரல் நுனி தரையில் தட்டும். கணுக்காலைத் தொங்கவிடாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் பிரேஸ் போன மாதம் செய்து கொடுத்தேன். ஷூவுக்குள் வைத்துப் போடுவது. நேற்று விழுந்துவிட்டாராம்.

"பிரேஸ் போடுறீங்களா?"

"போடாம பின்ன? நீ சொன்னபடி எப்பளும் உண்டு மக்கா."

6 நவம்பர், புதன்

பிரேஸின் ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் சீவினேன். இனி விழமாட்டார்.

13 நவம்பர், புதன்

விழுந்துவிட்டார்.

இந்தத் தடவை வலது மணிக்கட்டு. முறிவில்லை, சுளுக்கு. இரண்டு வாரத்துக்கு மணிக்கட்டு பிரேஸ். ஆக, என்னிடமிருந்து அவருக்கு இரண்டு பிரேஸ். முதலாவது சரியாக வேலை செய்திருந்தால் இரண்டாவது தேவையில்லை.

ஷூவைப் பார்த்தேன். அடி தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் காய்ந்த ரப்பர் பால், மண். போட்டு நடந்திருக்கிறார்தான். அப்படியானால் ஏன் விழ வேண்டும்? அளவு சரி. வார்ப்பு சரி. மிச்சம் இருப்பது அவர்தான். கோப்பில் "நோயாளி ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினேன்.

பிசியோதெரபி ஸ்ரீகுமாரி அக்கா அதை வாசித்தார்.

"எலே சுதீஷே, விழுந்தது அவிய. கோவம் ஒனக்கா?"

சௌதாமினி போகும்போது ஒன்று சொன்னார். ரப்பர் தோட்டத்துச் சொந்தக்காரர் ஜஸ்டஸ் டிசம்பர் ஒன்று வரைதான் பொறுப்பாராம். அதற்குள் வேலைக்கு இறங்காவிட்டால் அவர் வெட்டுகிற முந்நூறு மரமும் பினு என்கிற இன்னொரு வெட்டுக்காரருக்கு.

"கை வலி மாறும். மரம் போனா திரும்பக் கிட்டுமா?"

அது என் துறை இல்லை.

15 நவம்பர், வெள்ளி

அனுமோளின் குழந்தை வந்தது. வளைபாதம். இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் இணைத்த பிரேஸ், நாளுக்கு இருபத்துமூன்று மணி நேரம். பிரச்சினையே இல்லை. சொன்னதைச் செய்கிற ஒரே நோயாளிக்கு வயது ஐந்து மாதம்.

17 நவம்பர், ஞாயிறு

அம்பூரி போனேன். அவர் பிரேஸ் போடுவதில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதற்காகத்தான்.

வீட்டு வாசலில் மூன்று படி. ஷூவைக் கழற்றி மேல்படியில் வைத்தேன். பக்கத்தில் அவருடைய ஷூ. உள்ளே என் பிரேஸ், பட்டை திறந்தபடி.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தார். வெறுங்கால். விரல் நுனி சிமெண்டில் உரசுகிறது.

"பிரேஸ் எங்கே?"

"ஒனக்க ஷூவுக்க பக்கத்துல இருக்குல்லா."

"எப்பவும் போடணும்னு சொன்னேனே!"

"எலே, செருப்பு இட்டுட்டு ஆராவது வீட்டுக்குள்ள கேறுவாவளா? நீ இப்ப கழத்தலியா?"

கழற்றியிருந்தேன்.

இரண்டு தடவையும் விழுந்தது அடுக்களையில்தானாம். எங்கே விழுந்தீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. நாலரை வருஷம் படித்து என்ன செய்தேன்? ஷூவுக்குள் போடு என்றேன், எப்போதும் போடு என்றேன். அவர் இரண்டையும் கேட்டார். ஷூ நிற்கிற இடத்தில் பிரேஸும் நின்றுவிட்டது.

சரி, ஷூ இல்லாமல் பிரேஸை மட்டும் போட்டிருந்தால்? அதுவும் தப்பு. ஷூவின் குதிகால் உயரத்துக்குச் செய்தது. வெறும் தரையில் முழங்காலைப் பின்னால் தள்ளும், பிளாஸ்டிக் வழுக்கும். இன்னும் மோசமாக விழுந்திருப்பார்.

தப்பு என்னுடையது என்று படியில் நின்று சொன்னேன். ஷூ போட்டேன். வந்துவிட்டேன்.

25 நவம்பர், திங்கள்

மூன்றாவது பிரேஸ். வீட்டுக்குள் மட்டும். குதிகால் உயரம் பூஜ்யம், அடியில் வழுக்காத ரப்பர் ஷீட். வாசலைத் தாண்டக் கூடாது.

"இதுக்க ரப்பரு எனக்க மரத்துல உள்ளதாக்கும்?"

"தெரியாது."

"பரவாயில்ல. தெரியாதுன்னு சொல்லப் படிச்சுட்ட."

ஸ்ரீகுமாரி அக்கா ரொம்ப நேரம் சிரித்தார்.

30 நவம்பர், சனி

ஐந்து நாள். விழவில்லை. மணிக்கட்டு பிரேஸ் கழன்றது.

ஜஸ்டஸ் காலையில் வந்து, சௌதாமினி சரிவில் ஏறி இறங்குவதை நின்று பார்த்தாராம். இருநூறு மரம் அவருக்கு. கை முழுக்கத் தேறும்வரை நூறு மரம் பினுவிடம். அந்த நூறு போனது என் கணக்கில்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. கோப்பில் "நோயாளி ஒத்துழைப்பு இல்லை" என்பதை அடித்து, "வீட்டு நடை பற்றி விசாரிக்கவில்லை — சுதீஷ்" என்று எழுதுவது.

2. புது நோயாளியிடம் முதல் கேள்வி: செருப்பை எங்கே கழற்றுவீர்கள்?

3. ஷூவுக்குள் போடும் பிரேஸ் வாங்கிய மற்ற பதினாறு பேருக்கும் போன் செய்வது.

4. ராஜன் எந்தக் காலில் போட்டிருக்கிறார் என்று பார்ப்பது.

5. சௌதாமினியிடம் மன்னிப்புக் கேட்பது. கேட்டாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். "படியில நின்னு சொன்னது சேராது. உள்ள கேறி சாய குடிச்சிட்டு சொல்லு" என்கிறார். நாளை காலை பத்து மணி. ஷூவைக் கழற்ற வேண்டும்.