மோட்டார் ஓடும் நேரத்துப் பாட்டு

அன்புள்ள சித்தப்பா,

இன்று மதியம் மேசை விசிறியின் குரல் இறங்கியது. அதுவரை கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, யாரோ தோளில் கை வைத்து அமர்த்தியதுபோலத் தாழ்ந்து, ஊ என்று இழுக்கத் தொடங்கியது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் நட்ட நிலமெல்லாம் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. மோட்டாருக்கான கரண்டு வந்ததும் எல்லா மோட்டார் கொட்டாயிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைக்கிறார்கள். அம்மா அடுக்களையிலிருந்து, "இன்னாடி, ஃபேனு சுத்துதா தூங்குதா?" என்று கத்தினார்கள். பள்ளி திறப்பதற்கு முன்பே பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு படிக்கிறேன் என்று உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. "டீச்சரு, புத்தகத்துக்கும் லீவு குடு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இன்று கொடுத்தேன். விசிறி அந்தக் குரலில் பாடும்போது என்னால் வேறெதையும் படிக்க முடிவதில்லை.

உங்கள் உரக் கடையின் பின்னறை நினைவுக்கு வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்காக முன்கதவைச் சாத்திய பிறகு, யூரியா மூட்டைகளுக்கு நடுவே நாம் உட்காரும் இடம். மூக்கில் ஏறும் அந்த நெடி பழகிப்போன பிறகு, அது இல்லாத இடத்தில் பாட்டுக் கேட்டால் ஏதோ குறைவதுபோல் இருக்கும். லூர்து மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர் ஒரு காலிப் பெட்டிமேல் இருக்கும். அவர் உங்கள் பள்ளித் தோழர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சிப்பாயாக, ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, போனவர். முதல் விடுப்பில் வந்தபோது அந்தப் பெட்டியையும் ஒரே ஒரு இசைத்தட்டையும் உங்களுக்குக் கொடுத்தார். தட்டின் உறையில் ஆற்றின் நடுவே ஒரு வெறும் நாற்காலி நிற்கும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

"இது என்னா பாட்டுடா?" என்று கேட்டீர்கள்.

"எனக்கும் தெரியாது. கடைக்காரன் பெரிய பாட்டு செட்டுன்னான், வாங்கிகினு வந்தேன். பட்டாளத்து பாராக்குல எங்க கேக்கறது?" என்றார் மாமா.

மூன்று பேரும் முதல் முறையாக அன்றுதான் கேட்டோம். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. முதலில் குழல் மட்டும். பிறகு கோயில் மணியைத் தண்ணீருக்குள் அடித்ததுபோல ஏதோ ஒன்று. ஒருவர் மிகத் தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல் பாடத் தொடங்கினார். தாளம் திடீரென்று மாறும். கால் தட்டிக்கொண்டிருந்த நீங்கள் தடுமாறி, சிரித்து, மறுபடி பிடிப்பீர்கள். முடிந்தபோது முள் தட்டின் நடுவே சறுக்கிக்கொண்டேயிருந்தது. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்தக் கோடை முழுவதும் அதைத்தான் கேட்டோம். மாமா திரும்பிப் போன பிறகும் கேட்டோம். நான் பள்ளி அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொற்களைப் பிடிக்கப் பார்ப்பேன். ஆறு, கதவு, திரும்ப மாட்டேன் என்பவை மட்டும் சிக்கின. அந்தப் பாட்டு ஒரு படகுக்காரனின் கதை என்று நான் சொன்னேன். "படகுக்காரன் இல்ல, படகு. படகுதான் பாடுது" என்றீர்கள். அம்மா ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்தபோது ஒரு நிமிடம் நின்று கேட்டுவிட்டு, "எழவு வூட்டுல கூட இதவிட உசாரா அழுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உங்களுக்கு ஒரு நாள் முழுக்கக் கோபம்.

மழைக்காலத்தில் மட்டும் பாட்டு கிடையாது. பின்னறை ஈரத்தில் உரமூட்டைகளே நீர் விட்டுக்கொள்ளும். பிளேயரைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவீர்கள். தட்டு வீட்டு பீரோவில், உங்கள் வேட்டிகளுக்கு அடியில் தூங்கும். தை பிறந்து, ஏர் இறங்கி, மோட்டார் போடத் தொடங்கினால்தான் அது எழுந்திருக்கும். இதை நாம் யாருமே யோசித்துப் பார்த்ததில்லை.

மாமா அடுத்த விடுப்பில் வந்தது நான் எட்டாவது படித்தபோது, ஒரு ஐப்பசி மழையில். அதே குழுவின் புதுத் தட்டைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தார். அதற்காகவே பரணிலிருந்து பிளேயரை இறக்கினீர்கள். வேட்டி நுனியால் அதைத் துடைத்த வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

முள் இறங்கியது. உங்கள் முகமும் இறங்கியது.

பாட்டு ஓடியது. ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். பாடியவர் யாரோ இளைஞர்போல் மெல்லிய குரலில், மேலே மேலே போனார். பாட்டுகளும் சின்னச் சின்னதாக இருந்தன. குழல் எங்கோ ஒரு மூலையில் வந்துவிட்டுப் போய்விட்டது.

"செட்டு கெட்டுப்போச்சுடா" என்றீர்கள்.

"இன்னாத்துக்குக் கெட்டுப்போச்சு? நல்லாத்தான கீது!"

"சினிமாவுக்கு வாசிக்கறவன் மாதிரி வாசிக்கறான். காசு பாத்துட்டான்."

நான் இடையில் புகுந்தேன். "அம்மா தினமும் ஒரே கோலமா போடறாங்க, சித்தப்பா? மாறினா இன்னா தப்பு?"

"கோலம் மாறலாம்டி. வாசலே மாறிடுச்சே!"

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் சொன்னார்: "டேய், அவங்க எப்பவுமே இப்பிடித்தான் பாடறாங்க. அந்தப் பழைய தட்டு எங்க கேம்ப்ல ஒருத்தன் வெச்சிருக்கான். கேட்டேன். அங்க அதுவும் இந்த வேகத்துலதான் ஓடுது. குரலும் இதே மெல்லிசுதான்."

"பொய்."

"நான் எதுக்குடா பொய் சொல்றேன்?"

"மூணு வருசமா கேட்டுகினு கெடக்கறேன். எனக்குத் தெரியாதா? பிரான்சுக்குப் போயி இதத்தான் கத்துக்கினியா? சட்ட மாறிச்சு, பேச்சு மாறிச்சு, இப்ப பொய்யும் வந்துடுச்சு."

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனார். குடையை மறந்துவிட்டார். நீங்கள் அந்தக் குடையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் பழித்தது பாட்டை மட்டும் அல்ல என்று எனக்கும் தெரிந்தது. அவர் வந்த நாள் முதல் வராண்டாவில் நாற்காலி கேட்கிறார், தண்ணீரைக் காய்ச்சிக் கேட்கிறார் என்று நீங்கள் முனகிக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அதன்பின் மாமா கடைப்பக்கமே வரவில்லை. அவர் பிரான்சுக்குக் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைக்கு வந்தவர்களிடம் நீங்கள் எரிந்து விழுந்தீர்கள். பொட்டாஷ் கேட்ட ஒருவருக்கு யூரியாவைத் தூக்கிக் கொடுத்தீர்கள். ஒரு மதியம், மழை வலுத்திருந்தபோது, "போயி பழச எடுத்தாடி டீச்சரு. காதக் கழுவணும்" என்றீர்கள். பீரோவிலிருந்து தட்டை எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

முள்ளை வைத்தீர்கள். குழல் கீச்சென்று கிளம்பியது. நம் படகு ஓடியது.

முள்ளை எடுத்தீர்கள், துடைத்தீர்கள், மறுபடி வைத்தீர்கள். அதே ஓட்டம். அதே மெல்லிய குரல். "மிஷினு போச்சு. ஈரத்துல மிஷினு போச்சு" என்றீர்கள். பெட்டியைத் தட்டினீர்கள். நான் தலை நிமிர்ந்தபோது பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது. கோடையில் அந்தப் பல்பு மதியத்தில் பழுத்த இலைபோல மஞ்சளாகத்தான் எரியும். எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண் வலிக்காது. அன்று சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.

"சித்தப்பா, பல்பப் பாருங்க."

"பாத்து?"

"மழ பேயுது. ஒரு மோட்டாரும் ஓடல."

நீங்கள் பல்பைப் பார்த்தீர்கள், தட்டைப் பார்த்தீர்கள். ஊருக்கே பம்புசெட்டுக்கு பெல்ட்டு விற்கிறவர் நீங்கள். எந்த மாதத்தில் மோட்டார் இழுக்காது, எந்த நேரத்தில் அதன் கம்பிச்சுருள் எரியும் என்று கேட்டவர்க்கெல்லாம் சொல்கிறவர். மெதுவாக ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தீர்கள். தட்டை முழுவதும் ஓடவிட்டீர்கள். பிறகு, "அவன் பொய் சொல்லல" என்றீர்கள். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

சைக்கிளை எடுத்தீர்கள். நான் பின்னால் உட்கார்ந்து மாமாவின் குடையைப் பிடித்தேன். காற்றில் அது நமக்கு எந்த உதவியும் செய்யவில்லை. மாதா கோயில் தெருவில் மாமா வீட்டுக் கூடத்தில் பெட்டி பாதி கட்டியிருந்தது. நம்மைப் பார்த்ததும் துணி மடிப்பதை நிறுத்தாமல், "குடையக் குடுக்க வந்தியா?" என்றார்.

நீங்கள் நின்றீர்கள். தரையெல்லாம் நம் மேலிருந்து தண்ணீர் சொட்டியது. மன்னிப்புக் கேட்கிற சொல் உங்களிடம் இருந்ததில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் அதைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

"லூர்து, என் கரண்டு வேறடா. உன் கரண்டு வேற."

"இன்னா?"

நான்தான் விளக்கினேன். பல்பு, மோட்டார், மழை என்று ஒரே மூச்சில். மாமா மடித்த சட்டையைக் கையில் வைத்தபடியே கேட்டார். முடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மூணு வருசமா லோ வோல்டேஜுக்கா கண்ணுல தண்ணி உட்டுகினு இருந்த?"

"சிரிக்காதடா."

"லூசு. இத்தச் சொல்ல மழைல வந்தியா?"

"பின்ன? நாளைக்கு நீ ஏரோபிளான் ஏறிட்டா?"

அதோடு சமாதானமாகி வீட்டுக்கு வந்துவிடுவோம் என்று நினைத்தேன். ரசிகர்களைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. காபி வந்ததுமே நீங்கள் இருவரும் மறுபடி தொடங்கிவிட்டீர்கள்.

"அப்ப செட்டு மாறவே இல்லன்னு ஒத்துக்கறியா?"

"கொஞ்சம் மாறிச்சு. மிச்சம் கரண்டு."

"எது கொஞ்சம், எது மிச்சம்?"

"புதுசையும் கோடைல கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் வாய மூடு."

மாமா நம்மை வாசல்வரை வந்து அனுப்பினார். குடையை உங்கள் கையிலேயே விட்டுவிட்டார்.

சித்திரையில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடிய முதல் மதியம், புதுத் தட்டைப் போட்டீர்கள். குரல் தாழ்ந்தது. அவசரம் போனது. இரண்டு பக்கமும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "எழுதுடி" என்றீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல மாமாவுக்கு நான் எழுதினேன். குழல் குறைந்தது கரண்டால் அல்ல. பாட்டுகள் சின்னதானதும் கரண்டால் அல்ல. அவர்கள் மாறித்தான் இருக்கிறார்கள். ஆனால் கெட்டுப்போகவில்லை, மெதுவாகக் கேட்டால் அதே ஆட்கள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில், "நீயுந்தான்னு எழுது" என்றீர்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். "இன்னா பாக்கற? எழுது. நீயுந்தான்."

போன மார்கழியில், கடை திறக்கப் போன காலையில், உங்களுக்கு மார்வலி வந்தது. மாமாவுக்குத் தந்தி போனது. அவரால் காரியத்துக்கும் வர முடியவில்லை. போன வாரம்தான் வந்தார். அப்பாதான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். மாமா நேராகப் பின்னறைக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவே நின்றார். பிளேயரைத் தொட்டார். நான் ஸ்விட்சைப் போடப் போனபோது தடுத்துவிட்டார்.

"மோட்டார் எப்ப போடுவாங்க?"

"சாப்பாட்டு நேரத்துக்கு."

"அப்ப இரு. வரட்டும்."

இருந்தோம். பல்பு மஞ்சளான பிறகுதான் முள்ளை வைக்கச் சொன்னார். நாற்காலி வேண்டாம் என்று மூட்டையின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். உங்கள் படகு மெதுவாக வந்தது. பாட்டு முடிந்தபோது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்க எத்தன தடவ கேட்டேன். இது அங்க இல்லடி" என்றார். உங்கள் கடிதத்தை அவர் மணிபர்சில் வைத்திருக்கிறார். என் கோழிக்கிறுக்கல் கையெழுத்துதான், ஆனாலும் உங்கள் கடிதம்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். நம் தெருமுனையில் கம்பம் நட்டுவிட்டார்கள். புது டிரான்ஸ்பார்மர் வரப்போகிறது. ஊரில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். மஞ்சள் வெளிச்சத்தில் படித்துப் படித்துக் கண் எரிகிறது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. தண்ணீர் பாயாத வயல்கள் இருக்கின்றன. அது வரட்டும். ஆனால் வந்த பிறகு, அந்தத் தட்டு எந்த மாதத்தில் போட்டாலும் அவர்கள் பாடிய வேகத்தில்தான் பாடும். நீங்கள் கேட்ட பாட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அதனால் இன்று புத்தகத்தை மூடிவிட்டு, விசிறியின் சுருதிக்கு அந்தப் பாட்டை முழுவதும் பாடிப் பார்த்தேன். தெரிந்த சொற்கள் மூன்று, மற்றதெல்லாம் ம்ம் என்ற முனகல். தாளம் மாறும் இடத்தில் தடுமாறினேன்; நீங்கள் தடுமாறும் அதே இடம். மாலையில் மோட்டார்கள் நின்று, விசிறி வேகம் பிடித்து, தாள்களெல்லாம் பறந்தன. நான் வேகத்தைக் கூட்டவில்லை, சித்தப்பா. உங்கள் வேகத்திலேயே பாடி முடித்தேன்.

உங்கள்
டீச்சரு