பேசாத ரைலியோடு இருபது கிலோமீட்டர்

கல்லியோரந்தா,
11 ஜூலை 1994

அன்பு மகள் ஐலாவுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நலம், சும்மா நலம் இல்லை, உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், தோளில் வெயில் பட்டுத் தோல் உரிகிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, அப்படியொரு நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கனடாவில் இதே மாதிரி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படி. உன் அம்மா படகுப் போட்டியில் கலந்துகொண்டாள், முடித்தாள், முடித்தது மட்டுமில்லை, அறுபது தாண்டிய பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தாள்! ஏப்ரலில் நீ என்ன எழுதினாய்? இடுப்பு ஆபரேஷன் ஆன பொம்பளை தீவுல ஒத்தையா இருக்கக் கூடாது, டவுன்ல ஒரு ஃப்ளாட் பாத்துட்டேன், இலையுதிர் காலத்துக்குள்ள வந்துடு, முடியாதுன்னா இந்த வருஷப் போட்டியில தேவாலயத் துறையிலேர்ந்து ஆலை முனை வரைக்கும் படகு வலிச்சுக் காட்டு, அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன் என்று எழுதினாய். என்னால் ஆகாது என்ற தைரியத்தில்தானே எழுதினாய், திருட்டுக் கழுதை. கடிதம் பத்திரமாக இருக்கிறது, எழுதவே இல்லை என்று தப்பிக்க முடியாது.

முதல் சிக்கல் ஜோடிதான். படகுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருத்தி துடுப்புப் போட மற்றவள் பின்னால் உட்கார்ந்து திசை பார்க்க வேண்டும். என் வயதுக்காரிகளில் பாதிப் பேருக்கு முட்டி போய்விட்டது, மீதிப் பேருக்குத் தெம்பு போய்விட்டது. இந்த ஏரியில் இன்னும் படகு வலிக்கிற கை ஒன்றுதான் பாக்கி, அது எதிர்க்கரை ரைலியின் கை. அவள் என்னோடு பேசி ஒன்பது வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லாமல் அவள் ரகசியமாக வைத்திருந்த, லக்கா என்கிற காட்டுப் பழம் விளைகிற சதுப்பு நிலத்தை, உன் அப்பா இறந்த வருஷம், என் துக்கம் ஆறட்டும் என்று அவளாகவே கூட்டிப்போய்க் காட்டினாள். நான் என்ன செய்தேன், அடுத்த கோடையில் பாதிரியாரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அதற்கடுத்த கோடையில் சபையில் பாதிப் பேர் பழம் பறிக்க வாளியோடு அங்கே நின்றார்கள். தப்பு என்னுடையதுதான், நேரில் சொல்ல வாய்தான் வரவில்லை. அப்படிப்பட்ட ரைலி, மே மாசக் கடைசியில் தபால்காரர் எய்னோவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் படகை விட்டு இறங்காமலேயே ஒப்பித்தார்: லெம்பியக்கா, ரைலி வலிக்க வர்றாங்களாம், ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டாங்களாம், நீங்களும் பேசக் கூடாதாம், பேசினா நடு ஏரியில இறக்கி விட்டுடுவாங்களாம்.

ஜூன் முழுக்கப் பயிற்சி. அப்படியொரு கோடை எனக்கு வாய்த்ததே இல்லை ஐலா. காலையில் குளிர்ந்த தண்ணீரில் குதித்து நீந்துவேன், நீச்சலில்தான் இடுப்பு வழிக்கு வந்தது, டாக்டரிடம் சொல்லிவிடாதே. சாயங்காலம் அவள் வருவாள், இரண்டு மணி நேரம் வலிப்போம், துறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு சாசேஜ் சுட்டுத் தின்போம், அவள் கிழக்கே பார்ப்பாள், நான் மேற்கே பார்ப்பேன். துடுப்புப் போடுகிறவள் முதுகைக் காட்டித்தானே போக வேண்டும், முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது, அதனால் அவள் படகின் விளிம்பில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வலது கையை இழு, இரண்டு தட்டு என்றால் இடது. தந்தி ஆபீஸ் தோற்றது.

போட்டி முந்தாநாள் சனிக்கிழமை. ஏழு படகுகள். பன்னிரண்டு கிலோமீட்டர் வரைக்கும் நாங்கள் நாலாவதாகப் போய்க்கொண்டிருந்தோம், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி டீச்சர்கள் இரண்டு பேர் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு முதலில். இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குத்த ஆரம்பித்தது, பொய் சொல்லவில்லை, டவுன் ஃப்ளாட்டின் ஜன்னல் கண்ணுக்குத் தெரிந்தது, அதற்கு வெளியே பேருந்து நிறுத்தம் வேறு. அப்போதுதான் அகன்ற நீர்ப்பரப்பில் காற்று எழும்பியது. அலை படகை அறைகிற சத்தத்தில் தட்டுவது காதில் விழவில்லை. அவள் தட்டுகிறாள், நான் பாட்டுக்கு நேராக வலிக்கிறேன், என் முதுகுக்குப் பின்னால், படகு போகிற வழியில், நீருக்கடியில் பாறை. திடீரென்று கேட்டதடி ஒரு குரல், ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல்: வலது கைய இழுடீ, குருட்டுக் கோழி, வலது எதுன்னு கூடவா பாதிரியார் பொண்டாட்டிகிட்டக் கேக்கணும்!

இழுத்தேன், பாறை ஒரு முழம் தள்ளிப் போயிற்று. ஆனால் திறந்த வாய் மூடவில்லை ஐலா. ஒன்பது வருஷத்துக் கணக்கும் வந்து கொட்டியது, நான் நன்றி கெட்டவளாம், ஓட்டை வாயாம், என் காப்பி கழுநீராம். காப்பியைச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் சும்மா இருப்பேனா, நீ மட்டும் என்னடி, உன் புருஷன் என் வலையில இருந்த மீன எடுத்தப்ப நான் ஊருக்குச் சொன்னேனா என்று கேட்டேன். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு இழுப்பு! கோபத்தில் இடுப்பு வலியே மறந்துவிட்டது. துடுப்பை அவளிடம் கொடுத்து இடம் மாற வேண்டிய இடத்தில் மாறவும் இல்லை, நானேதான் வலித்தேன். மூன்றாவது படகைத் தாண்டியது தெரியாது, இரண்டாவதைத் தாண்டியது தெரியாது. டீச்சர்களைத் தாண்டும்போது அதில் ஒருத்தி, அம்மா, சின்னப் பசங்க கரையில நிக்குறாங்க, கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க என்றாள். ஆலை முனையில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்று மணி ஐந்து நிமிஷம். ஒலிபெருக்கிக்காரர், முதல் படகு வர்றது பத்து நிமிஷம் முன்னாடியே காதுல விழுந்துடுச்சு என்று அறிவித்தார்.

கரையேறி இரண்டு பேரும் புல்லில் விழுந்து கிடந்தோம். அங்கேதான் நான், அந்தப் பழத்துக்காக மன்னிச்சுடு ரைலி என்றேன். அவள் கேட்டாளா இல்லையா தெரியாது, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை கோபம் இருக்கிறவ எதுக்குடி என்கூட வலிக்க வந்தே என்று கேட்டேன். அதற்குச் சொன்னாள்: உன்னை டவுனுக்குக் கூட்டிட்டுப் போகப் போறாங்கன்னு எய்னோ சொன்னான், நீ போயிட்டா அப்புறம் நான் யார்கூடடீ பேசாம இருப்பேன்? நான் அழுதுவிட்டேன் ஐலா, வெட்கமில்லாமல் நடுக் கூட்டத்தில் அழுதேன்.

ஆகவே மகளே, ஃப்ளாட்டை வேறு யாருக்காவது விட்டுவிடச் சொல். குளிருக்கு முன்னால் குழந்தைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிடு, தள்ளிப் போடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் மூவரையும் கைவிடாமல் காக்கட்டும், நீ கொடுத்த வாக்கையும் மறக்காமல் நினைவுபடுத்தட்டும்.

தீவை விட்டு நகராத உன் அம்மா,
லெம்பி